ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் அந்த வரிகளைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் சமீபத்தில் வந்த ஒரு குறிப்பைப் படித்தேன். லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) போட்ட கணினி அடிக்கடி உறைந்து நின்றாலோ, திரையில் டிஸ்க் பிழை என்று வரிவரியாக ஓடினாலோ, ஹார்டு டிஸ்க்கின் ஆயுள் முடிந்துவிட்டது, உடனே மாற்றிவிடுங்கள் என்று அதில் இருந்தது. கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு குன்னூர், கூடலூர், பந்தலூர் வரைக்கும் கணினி பழுது பார்த்துப் பிழைக்கிறவன் என்கிற முறையில் எனக்கு அந்த அறிவுரை பெரிய கவலையாகப் போய்விட்டது. அதை நம்பி நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் மோசம், ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, அதற்கப்புறமும் அதே பிழை வரும்போது என்னிடம் கொண்டுவருகிறவர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டிஸ்க் பிழை என்று வருவதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று டிஸ்க்கே கெட்டது. இன்னொன்று டிஸ்க் நன்றாக இருக்க, அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோவது. லினக்ஸ் இந்த இரண்டையும் தனித்தனியாகவே எழுதிக் காட்டுகிறது. ஆனால் படிப்பவர் இல்லை. நம் மலையில் இரண்டாவது சாதிதான் அதிகம் என்று என் மேசைக்கு வருவதை வைத்து அடித்துச் சொல்வேன்.

முதலில் அந்த நடுவழி என்ன என்று பார்த்துவிடலாம். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்க இப்போது நாம் பயன்படுத்தும் சாட்டா முறை 2003-இல் வந்தது. டேட்டா கேபிளில் 7 முனைகள், பவர் கேபிளில் 15 முனைகள். முதல் தலைமுறையில் நொடிக்கு 1.5 கிகாபிட் வேகம், பிறகு 3, இப்போது 6. இந்த வேகத்தில் ஒரு மெல்லிய கம்பி வழியாகப் போகும் தகவல் வழியில் கலைந்தால் தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு கட்டுக்கும் கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர் சிஆர்சி. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பசுந்தேயிலையைக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு எழுதி அனுப்புகிறோம், தொழிற்சாலையில் மறுபடி எடை போடுகிறார்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு லாரியில், தோட்டத்தில் இல்லை. சிஆர்சி பிழையும் அப்படித்தான். டிஸ்க் கொடுத்தது சரி, வழியில் கெட்டது. கணினி அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லும், டிஸ்க்கும் அனுப்பும், அதனால் பெரும்பாலும் தகவல் போவதில்லை, நேரம்தான் போகிறது. நின்று நின்று ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டினால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதி வைத்தது முழுக்க வரும். சில கணினிகளில் முன்னால் சூடோ என்ற அனுமதிச் சொல்லைச் சேர்க்க வேண்டும். அதில் ஏடிஏ1 (ata1), ஏடிஏ3 (ata3) என்று எண்ணோடு தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அந்த வரிகளின் கூட்டத்தில் ஐசிஆர்சி என்றோ பேட்சிஆர்சி என்றோ இருந்தால் சந்தேகம் கேபிள் மேல், இணைப்பு மேல். யுஎன்சி என்று இருந்தால் டிஸ்க் தன் தட்டிலிருந்தே படிக்க முடியாமல் திணறுகிறது, அது நிஜமாகவே டிஸ்க்கின் நோய். ஹார்ட் ரீசெட்டிங் லிங்க் என்று திரும்பத் திரும்ப வந்து, அப்புறம் வேகத்தை 3.0-க்குக் குறைக்கிறேன், 1.5-க்குக் குறைக்கிறேன் என்று எழுதியிருந்தால், 6 கிகாபிட்டில் பேச முடியாமல் கர்னல் தானாகவே மெதுவாகப் பேசிப் பார்க்கிறது என்று பொருள். இதைப் பார்த்ததும் நான் முதலில் கை வைப்பது கேபிளில்தான். ஃபிரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் ஓட்டுகிறவர்கள் இங்கே குறைவு, அவர்களுக்கு ஏடிஏ0 (ada0) போன்ற பெயரோடு கேம் ஸ்டேட்டஸ் என்ற வரி வரும், படிக்கும் முறை ஒன்றேதான்.

இதோடு நிறுத்தாமல் டிஸ்க்கையே கேட்டுவிடலாம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை கிடைக்கும், அது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைக் காட்டும். நீண்ட பட்டியல், பயப்பட வேண்டாம். 5, 197, 198 ஆகிய எண்களின் கடைசிப் பத்தியைப் பாருங்கள், பேட் செக்டர், அதாவது தட்டில் கெட்டுப்போன சின்னச் சின்ன இடங்கள், பற்றிய கணக்கு அங்கேதான் இருக்கிறது. அப்புறம் 199. அது சிஆர்சி கணக்கு. 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்த டிஸ்க்கை மாற்றச் சொல்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், 199 ஒருமுறை ஏறினால் பிறகு இறங்காது, டிஸ்க்கின் ஆயுள் முழுக்க அந்த எண் அப்படியே நிற்கும். அதனால் கேபிள் மாற்றிய பிறகும் எண் குறையவில்லையே என்று பதற வேண்டாம். மாற்றும் முன் எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள், மாற்றிவிட்டுப் பெரிய கோப்புகளாக நிறைய நகலெடுத்துப் பாருங்கள், பிறகு எண் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதே கட்டளையில் டிஸ்க்கைத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளச் சொல்லவும் முடியும். குறுஞ்சோதனை இரண்டு நிமிடம்போல ஆகும், நெடுஞ்சோதனை மணிக்கணக்கில். இந்தச் சோதனை டிஸ்க்குக்கு உள்ளேயே நடக்கிறது, படிக்கும் தகவல் கேபிளில் வருவதே இல்லை. இது மிகப் பெரிய வசதி. நெடுஞ்சோதனை ஒரு பிழையும் இல்லாமல் முடிந்துவிட்டது, ஆனால் கணினியில் வேலை செய்யும்போது பிழை கொட்டுகிறது என்றால், வெளியே தேடுங்கள்.

மலைக்கு வருகிறேன். ஊட்டி உயரத்துக்கு ஹார்டு டிஸ்க் தாங்காது சார், காற்று லேசு, தகவல் படிக்கும் ஹெட் சுழலும் தட்டில் இடித்துவிடும் என்று எங்கள் தொழிலிலேயே சிலர் சொல்கிறார்கள். தட்டுக்கு மேல் ஹெட் காற்று மெத்தையில்தான் மிதக்கிறது என்பது உண்மை. ஆனால் சாதாரண ஹார்டு டிஸ்க்குகளைப் பெரும்பாலும் 3,048 மீட்டர் வரை இயங்கும் என்று சொல்லித்தான் தயாரிக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637. உயரத்தைப் பழி சொல்வதை விட்டுவிடுவோம்.

பழி சொல்ல வேண்டியது ஈரத்தையும் கரண்டையும் பாதையையும். தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூனில் தொடங்கும் மழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை, இரண்டுக்கும் நடுவில் பனிமூட்டம். சுவர் வேர்க்கிற அறையில், ஜன்னலோரம், தரையில் வைத்த சிபியு பெட்டிக்குள் முனைகள் நிறம் மாறியிருப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் குளிரில் கிடந்த கணினியை அடுப்பு எரியும் வெப்பமான அறைக்குத் தூக்கிவந்து உடனே போடுகிறார்கள், உலோகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்கிறது. சில மணி நேரம் சும்மா வைத்திருந்து பிறகு போட்டால் போதும். அப்புறம் மரம் விழுந்து கரண்டு போய்ப் போய் வருவது, சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டரும் கீசரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவது. கணினிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பழையதாக இருந்தால் இதைச் சமாளிக்காது. பெரிய ஹார்டு டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது, சர்க்யூட் 5 வோல்ட்டில். 12 வோல்ட் ஒரு கணம் தளர்ந்தால் போதும், டிஸ்க் தன்னைத்தானே நிறுத்தி மறுபடி சுற்றத் தொடங்கும், கர்னலுக்கோ டிஸ்க் திடீரென்று காணாமல் போனதுபோல் தெரியும். இதைக் கண்டுபிடிக்கவும் அதே பட்டியலில் வழி இருக்கிறது. 12 என்ற வரி எத்தனை முறை கரண்டு கொடுத்தார்கள் என்ற கணக்கு, 192 என்ற வரி திடீரென்று கரண்டு போய் ஹெட் அவசரமாக ஒதுங்கிய கணக்கு. நீங்கள் கணினியை நிறுத்தவே இல்லை, ஆனால் இந்த எண்கள் ஏறுகின்றன என்றால், எஸ்எம்பிஎஸ்ஸையும் பவர் கேபிளையும் பாருங்கள். பழைய நான்கு முனை பவர் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்ன இணைப்பான்களில், பிளாஸ்டிக்கை ஒரே கட்டியாக வார்த்து வருகிற மலிவு வகை உருகித் தீப்பிடித்திருக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள்.

பாதை என்றது ரோட்டைத்தான். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு ஏறி ஜீப்பின் பின்னால் குலுங்கி வந்த பெட்டிக்குள் கேபிள் அரை மில்லிமீட்டர் நழுவியிருந்தாலும் போதும். இரும்புக் கொக்கி வைத்த சாட்டா கேபிள் கிடைக்கிறது, சில ரூபாய்தான் கூடுதல், அதையே கேட்டு வாங்குங்கள். கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, கூர்மையாக மடித்துச் சொருகக் கூடாது. பெட்டிக்குள் உள்ள சாட்டா இணைப்பு 50 முறை மாட்டிக் கழற்றத்தான் வடிவமைத்தது, அதனால் தினமும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பதும் நல்லதில்லை.

போன மழைக்காலத்தில் பக்கத்து ஹட்டியிலிருந்து (நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஊர்) ஒரு தம்பி வந்தார். ஊர்ப் பெரியவர்களை, குறிப்பாகப் பாட்டிமார்களை உட்காரவைத்துப் பழைய படுகர் பாட்டுகளைப் பல வருஷமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பாடியவர்களில் சிலர் இப்போது இல்லை. எல்லாம் ஒரே ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில். உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கணினியில் சொருகினால் தெரியும், நகலெடுக்கத் தொடங்கினால் மறைந்துவிடும். கீழே ஒரு கடையில் காட்டியிருக்கிறார், திறந்துகூடப் பார்க்காமல் டிஸ்க் செத்துவிட்டது, மீட்க வேண்டுமானால் பெரிய தொகை ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு அவர் இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை. கர்னல் வரிகளைப் பார்த்தேன், யுஎஸ்பி ரீசெட், ரீசெட் என்று மட்டும் இருக்கிறது, படிக்க முடியவில்லை என்ற வரி ஒன்றுகூட இல்லை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் யுஎஸ்பி பெட்டிக்கு உரிய சாட் என்ற குறிப்பைச் சேர்த்துக் கேட்டால் 5, 197, 198 எல்லாம் பூஜ்யம். அவர் சொருகியது பழைய மடிக்கணினியின் யுஎஸ்பி 2.0 துளையில். அந்தத் துளை கொடுக்க வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 துளைக்கு 900. சுற்றத் தொடங்கும்போது அந்த மாதிரி டிஸ்க் 500-க்கு மேல் இழுக்கக்கூடும், கேபிள் வேறு நீளம். தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்றில், குட்டைக் கேபிளில் மாட்டினோம். மொத்தப் பாட்டும் ராத்திரிக்குள் வேறு இரண்டு டிஸ்க்குகளில் ஏறிவிட்டது. அந்தக் கடைக்காரர்மேல் கோபம் என்பதைவிட, ஒரு கட்டளையைத் தட்டிப் பார்க்கும் பொறுமை இல்லாமல் ஒரு ஊரின் பாட்டை முடிந்தது என்று சொல்லிவிட முடிகிறதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், போகவில்லை என்றால் மதர்போர்டில் வேறு துளை, பிறகு வேறு பவர் முனை. இரண்டு டிஸ்க் உள்ள கணினி என்றால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும், சந்தேகப்படும் டிஸ்க்கை மற்றதன் கேபிளிலும் துளையிலும் மாட்டுங்கள். பிழை டிஸ்க்கோடு கூடவே போகிறதா, பழைய துளையிலேயே நிற்கிறதா என்று பார்த்தால் யார் குற்றவாளி என்று தெரியும். ஆனால் டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், துளை மாற்றினால் அவை இடம் மாறிவிடும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை வைத்தே அடையாளம் காணுங்கள். ஏடிஏ3 என்பது எந்த டிஸ்க் என்று குழப்பமாக இருந்தால் சிஸ் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) பிளாக் என்ற அடைவைப் பட்டியலிடுங்கள், ஒவ்வொரு டிஸ்க்கின் பாதையிலும் அந்த ஏடிஏ எண் இருக்கும். இன்னொன்று, லினக்ஸ் நிறுவிய டிஸ்க்கே மறைந்துவிட்டால் பிழை வரிகளை எழுதி வைக்க இடம் இருக்காது, மறுபடி போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. திரையில் ஓடும்போதே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். எனக்கு அந்தப் படம் ஒன்றே போதுமானதாகப் பல முறை இருந்திருக்கிறது.

கேபிள், கேபிள் என்று நான் சொல்வதைக் கேட்டு எல்லாமே கேபிள்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏமாற்றும் ஒரு நிலைமை உண்டு. ஒரு கட்டளைக்குப் பதில் வர லினக்ஸ் வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் சில, ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் அதற்கும் மேலே விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். கர்னல் பொறுமை இழந்து இணைப்பையே ரீசெட் செய்துவிடும். பார்க்கிறவருக்கு டைம்அவுட், ஃப்ரோஸன், லிங்க் ரீசெட் என்று தெரியுமே தவிர யுஎன்சி என்று வராது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. 199 அசையாமல் இருந்து 197 மெல்ல ஏறுகிறதென்றால் இதுதான் நடக்கிறது, டிஸ்க் நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறது. சில டிஸ்க்குகளில் எஸ்சிடி-இஆர்சி என்ற அமைப்பு மூலம் 7 நொடிக்கு மேல் முயலாதே என்று சொல்லலாம், அந்த வசதி இல்லாததற்கு லினக்ஸ் பக்கம் காத்திருக்கும் நேரத்தை 180 நொடிக்கு உயர்த்தலாம். பல டிஸ்க்குகளை ஒரே கூட்டணியாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு போட்டு வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் கூட்டணியிலிருந்து வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்டதும் பதற்றத்தில், ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்மினின் கிரியேட் கட்டளையைத் தட்டாதீர்கள், அது புதிதாக உருவாக்கும் கட்டளை, பழையதைச் சேர்க்கும் கட்டளை வேறு.

செய்யக் கூடாதவற்றில் நான் தலையாயதாகச் சொல்வது எஃப்எஸ்சிகே, டிஸ்க்கின் கோப்பு அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. பிழை வந்ததும், லினக்ஸ் கோப்புகளை வைக்கும் எக்ஸ்ட்4 பகிர்வு பெரும்பாலும் தன்னைப் படிக்க மட்டும் என்று மாற்றிக்கொள்கிறது, அது உங்களைக் காப்பாற்றச் செய்கிற வேலை. அந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எஃப்எஸ்சிகே-வை ஓட்டினால், அறுந்து அறுந்து பேசும் இணைப்பின் வழியாக அரைகுறையாகப் படித்ததை வைத்து நல்ல கோப்புகளைத் திருத்தி எழுதிவிடக்கூடும். முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள், பிறகு நகல் எடுங்கள், அதற்கப்புறம்தான் எஃப்எஸ்சிகே. யுஎன்சி வரும் டிஸ்க் என்றால் கோப்பு கோப்பாக இழுத்துக்கொண்டிருக்காமல், டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு வேறு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்பைக் கொடுத்து ஓட்டினால் நல்ல பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிக்குப் பிறகு வரும், நடுவில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், நம் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம், நிறுத்திவிட்டு, அப்போது மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்கு எடுத்துப் போவதுதான் சரி.

ஆசிரியர் அவர்கள் அடுத்த கணினிப் பகுதியில் 5, 197, 198, 199 என்ற நான்கு எண்களையாவது பெட்டிச் செய்தியாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடம் ஒரு கோரிக்கை, டிஸ்க் போய்விட்டது என்று எந்தக் கடை சொன்னாலும் இந்த நான்கு எண்களைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுதித் தருவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. என் தொழிலில் இருப்பவர்களும் கேட்காமலே எழுதித் தரலாம். லினக்ஸ் டிஸ்க் பிழை பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கர்னல் வரிகளின் படத்தோடு உங்கள் பகுதிக்கே அனுப்பட்டும், தெரிந்தவரை பதில் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.